கேட் எழுதுவதா, ஜிஆர்இ எழுதுவதா?

அக்கா மகள் காட்பாடியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். போன மாதம் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வின் மாதிரித் தாள் ஒன்றை என் முன்னால் வைத்தாள். "மாமா, மூணு வருஷம் படிச்சதுல ஒண்ணுகூட இதுல இல்லையே!" என்றாள். இங்கே எம்.டெக் சேர எழுதும் கேட் தேர்வுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசமே அதுதான்.

கேட் தேர்வு முழுக்க உங்கள் பாடம். 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். பொதுத்திறனுக்கு 15 மதிப்பெண் போக, மற்றதெல்லாம் வகுப்பில் படித்தது. எல்லாத் துறையினரும் எழுதும் ஜிஆர்இ ஜெனரல் தேர்வில் மெக்கானிக்கலும் கிடையாது, எலக்ட்ரானிக்ஸும் கிடையாது. பள்ளிக்கூடக் கணக்கு, ஆங்கில வாசிப்பு, ஒரு கட்டுரை. 2023 செப்டம்பரில் சுருக்கியபின் மொத்தமே 1 மணி 58 நிமிடம்தான்.

பள்ளிக்கூடக் கணக்குதானே என்று அலட்சியமாக உட்கார்ந்தால் வழுக்கிவிடும். அன்று அவளுக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது: எக்ஸின் வர்க்கம் 16. ஒரு பக்கம் எக்ஸ், இன்னொரு பக்கம் 4. எது பெரியது? "ரெண்டும் சமம்" என்று உடனே சொல்லிவிட்டாள். எக்ஸ் மைனஸ் 4 ஆகவும் இருக்கலாமே! அப்போது 4தான் பெரியது. ஆக, 'தீர்மானிக்க முடியாது' என்பதே சரியான விடை. கணக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்ததுதான். நிதானம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் பயப்படுவது ஆங்கிலப் பகுதிக்கு. பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்காக ஆயிரம் சொற்களை மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பேன். ஒரு வாக்கியத்துக்குப் பொருந்தும் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் மதிப்பெண்ணே கிடையாது. வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பிடிபட வேண்டும். ஒரு வருடம் தினமும் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் அறிவியல் கட்டுரை படித்தால் அது தானாக வரும், மூன்று மாத கோச்சிங்கில் வராது.

தப்பு விடைக்கு கேட்டில் தண்டனை உண்டு. விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் கேள்வியில் 1/3 மதிப்பெண்ணும், இரண்டு மதிப்பெண் கேள்வியில் 2/3 மதிப்பெண்ணும் போய்விடும். ஆனால் எண்ணை நாமே உள்ளிடும் கேள்விகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்கக்கூடிய கேள்விகளுக்கும் அந்தக் கழிவு இல்லை. ஜிஆர்இயில் கழிவே இல்லை, எதையும் விடாமல் குறித்துவிட்டு வரலாம்.

அப்புறம் பணம். ஜிஆர்இ கட்டணம் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். கேட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்க்கும் ஓர் அப்பாவுக்கு இருபதாயிரம் என்பது ஒரு மாத வீட்டுச் செலவு. கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்காவில் பல துறைகள் ஜிஆர்இ கட்டாயமில்லை என்று விட்டுவிட்டன. அதனால் எந்தெந்தத் துறைக்கு விண்ணப்பிக்கப் போகிறோம் என்று பட்டியல் போட்டு, அவர்கள் கேட்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் எழுதினான் என்பதற்காகக் கட்டவே கூடாது.

கேட் பக்கம் வரவும் உண்டு. தகுதி பெற்று எம்.டெக் சேர்ந்தால் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏஐசிடிஇ அமைப்பின் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட மூன்று லட்சம். சில பொதுத்துறை நிறுவனங்கள் இந்த மதிப்பெண்ணை வைத்தே வேலைக்கு எடுக்கின்றன. வெளிநாட்டுக் கதவும் முழுக்க மூடிவிடாது, சிங்கப்பூரிலும் ஜெர்மனியிலும் சில இடங்களில் இந்திய மாணவர்களிடம் கேட் மதிப்பெண்ணையும் ஏற்கிறார்கள். குறை என்றால், வருடத்துக்கு ஒரே முறை, பிப்ரவரியில். தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஜிஆர்இயை 21 நாள் இடைவெளி விட்டு, 12 மாதத்தில் ஐந்து முறை வரை எழுதலாம். கேட் மதிப்பெண் 3 வருடம் செல்லும், ஜிஆர்இ 5 வருடம்.

ஜிஆர்இயை வீட்டிலிருந்தே எழுதவும் வழி இருக்கிறது. ஆனால் அறைக்குள் யாரும் வரக்கூடாது, சாதாரணத் தாளில் கணக்குப் போடக்கூடாது, சின்ன வெள்ளைப் பலகை போன்ற ஒன்றில் எழுதி அழிக்க வேண்டும். இரண்டு அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு இது சரிப்படாது. சென்னைக்கு ரயில் ஏறிப் போய் மையத்தில் எழுதுவதே மேல்.

அவளிடம் நான் சொன்னது: மூன்றாம் வருடத்திலேயே கேட் எழுத அனுமதி இருக்கிறது, அதை எழுது. பாடமும் திரும்பப் படித்த மாதிரி ஆகும். ஜிஆர்இ பற்றி உன் பட்டியல் முடிவு செய்யட்டும்.

வெளிநாடு போகும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் பாஸ்போர்ட்டை மட்டும் இப்போதே எடுத்துவிடச் சொன்னேன். நம் ஊர்ச் சிக்கல் இனிஷியல். சான்றிதழில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருக்கும். ஜிஆர்இக்குப் பதியும் பெயர், காட்டும் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். வேலூரிலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. அடுத்த வாரம் அவளை நானே கூட்டிப் போகிறேன்.