மாவில ஹலியாகலா சன்ரைஸ் டூர் புக் பண்ணப்போறீங்களா, இத படிச்சிட்டு பண்ணுங்க

ஹவாய் போறவங்க நிறைய பேர் இருப்பீங்க, அதான் எழுதுறேன். போன ஜனவரில திருச்சிலேர்ந்து அப்பா அம்மா வந்திருந்தாங்க, எல்லாருமா மாவி தீவுக்கு போனோம். அங்க ஹலியாகலானு தூங்கிட்டிருக்கிற எரிமலை, 3,055 மீட்டர், கடைசியா வெடிச்சது 1480க்கும் 1600க்கும் நடுவுல எப்பவோங்கிறாங்க. உச்சில நின்னு சூரியன் வர்றத பாக்கணும், அப்புறம் உள்ள இறங்கி நடக்கணும்னு அப்பாக்கு ரொம்ப ஆசை. வயசு 66, தினம் 6 கிலோமீட்டர் நடக்கிறவர்.

காலைல 3 மணிலேர்ந்து 7 மணி வரைக்கும் சொந்த வண்டில அந்த நேஷனல் பார்க்குக்குள்ள போகணும்னா முன்கூட்டியே ரிசர்வேஷன் வேணும். ரெக்ரியேஷன் டாட் கவ்ல 60 நாளைக்கு முன்னாடி ஓப்பன் ஆகும், ஒரு வண்டிக்கு 1 டாலர்தான். நான் லேட்டா பாத்தேன், எல்லாம் போயிருச்சு. அப்பதான் இன்ஸ்டால ஒருத்தன், சன்ரைஸ், கைடோட க்ரேட்டர் ஹைக், லன்ச், தண்ணி, திரும்ப பிக்கப், பார்க் என்ட்ரி எல்லாம் சேத்து ஆளுக்கு 240 டாலர்னு போட்டிருந்தான். நானு, அப்பா, என் வைஃப், மூணு பேருக்கு 720 டாலர் ஸெல்லேல (பேங்க் அக்கவுன்ட்லேர்ந்து நேரா பணம் அனுப்புற வசதி) அனுப்பினேன். அம்மா குழந்தையோட ரூம்லயே இருந்துட்டாங்க.

ராத்திரி 2 மணிக்கு கிஹேங்கிற ஊர்லேர்ந்து கிளம்பினோம். கேட்ல ரேஞ்சர் ரிசர்வேஷன் கேட்டாங்க, டிரைவர் போன்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட்ட காட்டினான், அதுல வேற யாரோ பேரு. ரிசர்வேஷன்ல இருக்குற பேரும் போட்டோ ஐடியும் ஒண்ணா இருக்கணும், ஒருத்தர் பேர்ல இருக்கிறத இன்னொருத்தர் யூஸ் பண்ணவே முடியாது. திருப்பி அனுப்பிட்டாங்க. ரோட்டோரத்துல வேன்லயே உக்காந்திருந்தோம், குளிருல கை விறைக்குது, ஹீட்டர் போடச் சொன்னா டீசல் தீந்துரும்ங்கிறான். சூரியன் வந்தத வேன் கண்ணாடி வழியாதான் அப்பா பாத்தார். ஒண்ணுமே சொல்லல அவர், அதுதான் எனக்கு தாங்கல.

7 மணிக்கு மேல ரிசர்வேஷன் வேணாம், 30 டாலர் என்ட்ரி மட்டும், அங்க கேஷ் வாங்க மாட்டாங்க, அதையும் என் கார்டுலதான் போட்டான். மேல விசிட்டர் சென்டர்ல எங்கள இறக்கிட்டு, கைடு வரல, வழி ஈஸிதான், 2:30க்கு வழி முடியுற ஹலேமவு பார்க்கிங்ல நிப்பேன்னு சொல்லிட்டு ரெண்டு அரை லிட்டர் பாட்டில் குடுத்துட்டு போயிட்டான். அப்பவே நாங்க திரும்பியிருக்கணும். ஆனா அப்பா அதுக்குள்ள ட்ரெயில் பக்கம் நடக்க ஆரம்பிச்சிட்டார்.

இறங்குறது நிஜமாவே ரொம்ப அழகு. செவப்பு, கருப்பு, மஞ்சள்னு சாம்பல் மேடுங்க, கால் புதையுற மண்ணு, நடுநடுவுல வெள்ளி மாதிரி மின்னுற சில்வர்ஸ்வோர்ட் செடி. வாழ்நாள்ல ஒரே ஒரு தடவதான் பூக்கும், பூத்ததும் செத்துரும்னு போர்டு பாத்து படிச்சு சொன்னேன், அப்பா ஒவ்வொரு செடிகிட்டயும் நின்னு பாத்துட்டு வந்தார். பக்கத்துல மிதிச்சா வேர் நசுங்கிரும், அதனால பாதைய விட்டு இறங்காதீங்க.

ஆனா மொத்தம் 18 கிலோமீட்டர். நிழலே கிடையாது, கடையும் கிடையாது. வழில ஹோலுவானு ஒரு கேபின்ல குழாய் இருக்கு, அது சுத்திகரிக்காத தண்ணி, ஃபில்டர் இல்லாம குடிக்கக்கூடாது, எங்ககிட்ட ஃபில்டர் இல்ல, கொண்டுபோன தண்ணியும் தீந்துருச்சு. அதுக்கப்புறம் 300 மீட்டருக்கு மேல வளைஞ்சு வளைஞ்சு ஏத்தம். அந்த உயரத்துல காத்து கம்மி, பத்தடிக்கு ஒரு தடவ அப்பா நின்னார், உதடு வறண்டு போச்சு, கேட்டா "பரவால்லப்பா, நட"ங்கிறார். எதிர்ல வந்த ஒரு பொண்ணு தன் பாட்டில்லேர்ந்து தண்ணி ஊத்துச்சு, அவங்களுக்கு புண்ணியமா போகட்டும்.

பார்க்கிங் போய் சேரும்போது 3:40. வேன் இல்ல. சிக்னலும் இல்ல. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஹைக்கர் பிக்கப்னு ஒரு இடம் இருக்கு, நடந்து வந்தவங்க லிஃப்ட் கேக்குறதுக்குன்னே விட்டிருக்காங்க, அங்க ஒரு மணிநேரம் நின்னப்புறம் ஒரு வயசான தம்பதி கீழ இருக்குற புகலானி ஊர் வரைக்கும் ஏத்திட்டு போனாங்க. சிக்னல் கிடச்சதும் அவனுக்கு மெசேஜ் போட்டா, "நீங்க லேட்"னு ஒரே பதில், உடனே ப்ளாக். பேங்க்ல கேட்டா நீங்களே அனுப்பினது, திருப்ப முடியாதுங்கிறாங்க.

பார்க்ல தொழில் பண்றதுக்கு பர்மிட் வேணும், பர்மிட் இருக்குற கம்பெனிங்க லிஸ்ட் பார்க் வெப்சைட்லயே இருக்கு, அதுல பேர் இருக்கானு பாருங்க, கார்டுல மட்டும் பே பண்ணுங்க. நீங்களே ஓட்டிட்டு போறதுன்னா 60 நாள் முன்னாடி கிடைக்கலனாலும் ரெண்டு நாளைக்கு முன்னாடி ஹவாய் நேரம் காலைல 7 மணிக்கு இன்னும் கொஞ்சம் ரிசர்வேஷன் விடுவாங்க, இது எனக்கு அப்ப தெரியல. வயசானவங்கள கூட்டிட்டு போனா கொஞ்ச தூரம் இறங்கிட்டு அதே வழில திரும்பிருங்க, இறங்குன நேரத்த மாதிரி ரெண்டு மடங்கு ஏறுறதுக்கு ஆகும்னு கணக்கு வச்சுக்கோங்க.

பார்க்குக்கு கம்ப்ளெயின்ட் எழுதிட்டேன். காலைல கிளம்பும்போது அந்த வேன் முன்னாடி நின்னு அப்பா ஆசையா ஒரு போட்டோ எடுத்துக்கிட்டார், அதுல நம்பர் பிளேட் தெளிவா இருக்கு, அதையும் சேத்து அனுப்பிருக்கேன்.