சோசியல் மீடியாவில் முதுகலை: கோடிங்கா, களப்பணியா?

போன மாதம் சித்தி மகள் போன் செய்தாள். டிகிரி கடைசி வருடம். "அக்கா, நானும் உன்னை மாதிரி சோசியல் மீடியாவை வெச்சு பி.ஜி. பண்ணலாம்னு இருக்கேன். எந்தப் பக்கம் போறது?" அரை மணி நேரம் பேசியும் தீரவில்லை, அதனால் எழுதியே விடுகிறேன். நான் 2021-இல் சென்னையில் எம்.ஏ. இதழியலும் தொடர்பியலும் சேர்ந்து 2023-இல் முடித்தவள். ஒரு பக்கம் தொடங்கி, பாதியில் மறுபக்கம் தாவியவள். என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

நான் விண்ணப்பம் போட்ட காலத்தில் இதற்கென்றே தனியாக ஒரு முதுகலை நம் பக்கம் என் கண்ணில் படவில்லை. ஊடகப் படிப்பில் ஒரு பேப்பராக வரும். முழுசாக இறங்க வேண்டுமென்றால் கடைசி செமஸ்டர் ஆய்வேடுதான். 2009-இல் பர்மிங்ஹாம் சிட்டி பல்கலைக்கழகம் சோசியல் மீடியா என்ற பெயரிலேயே ஓர் எம்.ஏ. அறிவித்தபோது, இதற்கெல்லாமா பட்டம் என்று அந்த ஊரிலேயே கிண்டலடித்தார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து என் பெரியப்பாவும் அதையேதான் கேட்டார்.

எம்.பி.ஏ., டிப்ளமா என்று டிஜிட்டல் மார்க்கெட்டிங் பக்கம் போவதை முதலிலேயே கழித்துவிடலாம். அது நல்ல தொழில், சீக்கிரம் வேலையும் கிடைக்கும். ஆனால் அங்கே கற்றுத் தருவது சோசியல் மீடியாவில் விற்பதற்கு. அதை ஆராய்வது வேறு வேலை.

மிச்சம் இருப்பது இரண்டு. ஒன்று, டேட்டா சயின்ஸ் மாதிரி ஏதாவது ஒன்றில் சேர்ந்து, லட்சக்கணக்கான பதிவுகளைப் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதி இழுத்து, எந்த வதந்தி எங்கே கிளம்பி யார் வழியாகப் போனது என்று படம் போடுவது. இன்னொன்று, ஊடகவியல், மானுடவியல், சமூகவியல் துறைகளில் சேர்ந்து, பத்துப் பதினைந்து பேரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து, அவர்கள் போனை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார்கள் என்று பார்ப்பது. வெளிநாட்டில் ஆக்ஸ்ஃபோர்டு இன்டர்நெட் இன்ஸ்டிட்யூட்டின் எம்.எஸ்சி.யில் இரண்டும் கலந்து வருகிறது. யூ.சி.எல். என்கிற யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் டிஜிட்டல் மானுடவியல் என்றே ஓர் எம்.எஸ்சி. இருக்கிறது. நான் அங்கெல்லாம் படித்தவள் இல்லை, பாடத்திட்டத்தைப் புரட்டியதோடு சரி.

கோடிங் தெரிந்தால் வேலைக்கு நல்லது, களப்பணிக்குப் பொறுமை வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. சேருவதற்கு முன் எனக்கு யாரும் சொல்லாத விஷயம் வேறு: ஆய்வுக்கான தரவின் சாவி யார் கையில் இருக்கிறது என்பது.

என் தலைப்பு மழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை ட்விட்டரில் படகு கேட்டது, பால் பவுடர் கேட்டது, மாடியில் மாட்டிக்கொண்ட தாத்தாவுக்கு மருந்து கேட்டது. 2021 நவம்பர் மழையில் என்ன கேட்டது, யார் பதில் சொன்னார்கள்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாகத் திட்டம். அதற்குத் தோதாக, 2021 ஜனவரியில் ட்விட்டர் ஆய்வாளர்களுக்கென்று ஒரு ஏ.பி.ஐ. வாசலை, அதாவது நிரல் எழுதிப் பதிவுகளை மொத்தமாக எடுக்கிற வழியை, திறந்துவிட்டிருந்தது. முதுகலை மாணவர்களும் கேட்கலாம். 2006 முதல் உள்ள பொதுப் பதிவுகளில் மாதத்துக்கு 1 கோடி வரை எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. எனக்கு அனுமதி வந்த அன்று வகுப்புக்கே சமோசா வாங்கிக் கொடுத்தேன்.

முதலில் 2021 மழையை இறக்கினேன். 2015 எங்கே ஓடிவிடப் போகிறது, அத்தனை வருடமாக அங்கேதானே கிடக்கிறது என்று விட்டுவைத்தேன்.

2023 பிப்ரவரி 2 அன்று, இன்னும் ஒரு வாரத்தில் இலவச ஏ.பி.ஐ. கிடையாது என்று அறிவித்தார்கள். அப்புறம் தேதியைத் தள்ளினார்கள், மறுபடியும் தள்ளினார்கள். மார்ச் கடைசியில் விலைப்பட்டியல் வந்தது. மாதம் 100 டாலருக்கு 10,000 ட்வீட். அதாவது நேற்றுவரை சும்மா கிடைத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். ஆய்வேட்டை ஏப்ரல் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். பிப்ரவரியில் முதல் அறிவிப்பு வந்த உடனேயே, இரவோடு இரவாக 2015-ஐ இழுத்துவிடலாம் என்று லேப்டாப்பை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது வழிகாட்டி மேடம், ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வான வைவாவை வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வைவாவுல, இதை மறுபடி எடுத்துக் காட்டும்மான்னு சொன்னா என்ன பண்ணுவே?" எனக்குப் பதில் தெரியவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ட்விட்டர் விதிப்படி ட்வீட்களின் உரையை மொத்தமாக அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது, ஐ.டி. எண்களைத்தான் கொடுக்கலாம். வாங்கியவர் அந்த எண்களை ஏ.பி.ஐ.யில் போட்டு உரையைத் திரும்ப வரவழைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஹைட்ரேட் செய்வது என்று பெயர். சுண்டைக்காய் வற்றலைத் தண்ணீரில் ஊறப்போடுகிற மாதிரி. வாசலை அடைத்ததும் தண்ணீர் நின்றுபோனது. சீனியர் ஒருவர் பென் டிரைவில் கொடுத்த வெள்ளக்கால ஐ.டி.கள் இன்னும் வற்றலாகவே என்னிடம் கிடக்கின்றன.

ட்விட்டர் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஃபேஸ்புக் பயனாளர்களின் விவரங்களை அவர்களுக்குத் தெரியாமல் அள்ளிய கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா விவகாரம் 2018-இல் வெடித்ததும் ஃபேஸ்புக் தன் ஏ.பி.ஐ.யை இறுக்கிக்கொண்டது. பொதுப் பக்கங்களை ஆராயப் பயன்பட்ட கிரவுட்டேங்கிள் என்ற கருவியை 2016-இல் வாங்கியதும் அதே கம்பெனிதான், 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடியதும் அதே கம்பெனிதான். பதிலுக்கு மெட்டா (அந்தக் கம்பெனியின் இப்போதைய பெயர்) கன்டென்ட் லைப்ரரி என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கல்வி நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பித்து, அனுமதி வந்தபின், அவர்கள் அமைத்த மூடிய இடத்துக்குள் உட்கார்ந்துதான் அலச வேண்டும். ஒரு செமஸ்டர் ஆய்வேட்டுக்கு இது கட்டுப்படியாகாது. ரெட்டிட் 2023-இல் விலை வைத்தது. டிக்டாக் இந்தியாவில் 2020 ஜூனிலேயே போய்விட்டது. இதில் எதுவும் மாணவர்கள் செய்த தப்பு இல்லை. சாவிக்காரர் மனசு மாறினால் அவ்வளவுதான், கடை காலி.

தமிழ் என்பதால் கூடுதலாக ஒரு தலைவலியும் உண்டு. இறக்கி வைத்திருந்த 2021 ட்வீட்களில் மழை என்ற ஒரே சொல்லை, ழகரத்துக்கு இசட் போட்டு, எல் போட்டு, உயிரெழுத்தை விழுங்கி என்று ஆறு விதமாக ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள். சாக்கடை மூடியைப் போடாத கவுன்சிலருக்கு ஒருவர் "நல்லா இருப்பீங்க சார்" என்று எழுதியிருந்தார். நான் வைத்திருந்த கருவி அதைப் பாராட்டு என்று பச்சையில் காட்டியது. இதைச் சரிசெய்யப் பலர் உழைக்கிறார்கள். 2020-இல் யூடியூபின் தங்கிலீஷ் கமெண்ட்கள் 15,744-ஐ ஆட்களை வைத்துப் படித்துக் குறியிட்டு வெளியிட்டார்கள். அந்த மாதிரி வேலையில் ருசி உள்ளவர்கள் தாராளமாகக் கோடிங் பக்கமே போகலாம்.

நான் மழைத் தலைப்பை விட்டுவிட்டுப் போனது குரோம்பேட்டையில் ஒரு தையல் கடைக்கு.

கடை அக்கா காலை ஆறரைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு ரவிக்கையின் பின்கழுத்து டிசைன் போடுவார். இன்ஸ்டாகிராம் பக்கம் போகவே மாட்டார். ஏன் என்று கேட்டேன். "அங்க போட்டா ஊரே பாக்கும், ஒருத்தரும் தைக்கக் குடுக்க மாட்டாங்க." ஸ்டேட்டஸிலும் மூன்று பேருக்கு மட்டும் தெரியாதபடி மறைத்து வைத்திருந்தார். மூவரும் வீட்டுக்காரரின் சொந்தம், பார்த்தால் ஓசியில் தைத்துத் தரச் சொல்வார்களாம். பதினொரு மணி வாக்கில் யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து, விரலை மேலிருந்து கீழே ஓட்டுவார். "இவங்க ரெண்டு நாளா பாக்குறாங்க, ஒண்ணும் கேக்கல. விலை கேக்கக் கூச்சப்படுறாங்க." உடனே போனைப் போட்டு, "என்ன அண்ணி, பொங்கலுக்கு எடுத்த புடவைய இன்னும் தைக்கக் குடுக்கலியா?" என்பார். சாயங்காலம் புடவை கடைக்கு வந்துவிடும்.

பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பது என்பது எந்தத் தரவிலும் ஒரு வரியாகக்கூட வராது. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதுதான். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது, வாட்ஸ்அப் உரையாடல் 2016-இலிருந்து, பேசுகிறவர்களைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி, முனைக்கு முனை பூட்டியிருக்கிறது. வெளியிலிருந்து இழுக்க வழியே கிடையாது. ஆனால் அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவளுக்கு எல்லாம் தெரிந்தது. அந்த நோட்டுப் புத்தகங்கள் என்னுடையவை. அவற்றை மூட எந்தக் கம்பெனியாலும் அறிவிப்பு விட முடியாது.

இந்த வழிக்கு முன்னோடி நம் பக்கத்திலேயே இருக்கிறது. யூ.சி.எல்.லின் 'வொய் வீ போஸ்ட்' திட்டத்தில் ஒன்பது மானுடவியலாளர்கள் ஒன்பது இடங்களில் ஆளுக்கு 15 மாதம் தங்கி ஆராய்ந்தார்கள். அதில் ஓர் இடம் சென்னையை ஒட்டிய, ஐ.டி. கம்பெனிகள் வந்து இறங்கிய கிராமப் பகுதி. பஞ்சகிராமி என்று மாற்றுப் பெயர் கொடுத்து ஸ்ரீராம் வெங்கட்ராமன் எழுதியது 2017-இல் வெளிவந்தது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எனக்குக் கிடைத்ததோ 15 மாதம் இல்லை, பத்தே வாரம். அந்த வித்தியாசம் என் ஆய்வேட்டில் தெரியும்.

சாவி இங்கேயும் இன்னொருவர் கையில்தான் என்று சொன்னால் மறுக்க மாட்டேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்ட ஒரு பெண், ஏப்ரல் மாதம், "வீட்ல வேணாங்கிறாங்கம்மா" என்று சொல்லிவிட்டார். எட்டுப் பக்கம் போனது. ஆனால் காரணத்தைக் கேட்க முடிந்தது, அவருக்குப் பதிலாக இன்னொருவரைத் தேட முடிந்தது. குடும்ப குரூப் என்றால் இன்னும் சங்கடம். ஒருவர் காட்டச் சம்மதித்தாலும் அதில் உள்ள மற்ற அறுபது பேர் சம்மதிக்கவில்லையே. அதனால் குரூப்களை நான் தொடவே இல்லை. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத எனக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. "பன்னிரண்டு பேரை வெச்சு எப்படிம்மா பொதுவாச் சொல்ல முடியும்?" என்று வைவாவில் கேட்டார்கள். பொதுவாகச் சொல்லவில்லை என்றுதான் பதில் சொன்னேன். அவர்களுக்கு அது திருப்தியாக இருந்த மாதிரி தெரியவில்லை.

வேலை விஷயத்தில் என் அனுபவம் ஓர் ஆளின் அனுபவம்தான். எங்கள் செட்டில் பைத்தான் கற்றவளுக்கு முதல் மாதமே வேலை கிடைத்தது. எனக்கு ஏழு மாதம் ஆனது. இப்போது யூசர் ரிசர்ச் வேலையில், செயலிகளை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். தையல் கடையில் செய்ததுதான், ஏ.சி. மட்டும் கூடுதல்.

இவ்வளவும் கேட்டுவிட்டு சித்தி மகள் கோடிங் பக்கமே போகப் போகிறாளாம். சரி, போகட்டும். அப்படியானால் யூடியூபில் தொடங்கு என்றேன், இன்றைக்கு மாணவர்களுக்குத் திறந்திருக்கும் பெரிய வாசல் அதுதான். அதன் ஏ.பி.ஐ.யில் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் யூனிட் கணக்கில் கழியும், ஒரு நாளைக்கு 10,000 யூனிட் இலவசம். ஒரு தேடலுக்கு 100 யூனிட் போய்விடும், ஆனால் நூறு கமெண்ட் வரை உள்ள ஒரு பக்கத்துக்கு ஒரே யூனிட்தான். எனவே தேடலைக் குறைத்து, வீடியோ பட்டியலைக் கையால் தயாரித்துக்கொண்டால் காலத்துக்கும் காணும். தலைப்புக்கு ஒப்புதல் வரட்டும் என்று காத்திருக்காதே, முதல் செமஸ்டரிலேயே இறக்கி வைத்துக்கொள் என்றும் சொன்னேன். ஒத்திகை பார்க்க அன்றே ஓர் ஏ.பி.ஐ. சாவி வாங்கிவிட்டாள். நேற்றுக் காலை கூப்பிட்டாள். தேடித் தேடியே கோட்டாவைத் தீர்த்துவிட்டாளாம். அது கலிஃபோர்னியாவில் நள்ளிரவு ஆனால்தான் மறுபடி நிரம்பும், நமக்கு மத்தியானம் பன்னிரண்டரை, அங்கே குளிர்காலம் என்றால் ஒன்றரை. "அதுவரைக்கும் என்னக்கா பண்றது?" என்றாள். சித்தி யூடியூபில் என்ன பார்க்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன்.