350 ரூபாய் ரிலேவுக்காக 19,650 ரூபாய் செலவழித்த கதை

எங்கள் பெட்ரோல் கார் பத்து ஆண்டுகள் ஓடியது. கடந்த சித்திரையில் ஒரு மாலை, குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் நின்றிருந்தபோது, டெம்பரேச்சர் முள் மளமளவென்று சிவப்புக் கோட்டை நோக்கி ஏறியது. ஓரங்கட்டி என்ஜினை அணைத்து அரைமணி நேரம் காத்திருந்த பிறகுதான் இறங்கியது. அந்த வாரமே திண்டிவனம் வரை போய் வந்தேன். முள் பாதியைத் தாண்டவில்லை. அதன்பின் இரண்டு முறை சிக்னலில் நிற்கும்போது ஏறியது, சில நாட்கள் அதே சிக்னலில் ஏறவும் இல்லை.

இவை அனைத்தையும், நெரிசலில் ஏ.சி. காற்றும் வெதுவெதுப்பாகிவிடுகிறது என்பதையும், ஒர்க்‌ஷாப்பில் விளக்கமாகச் சொன்னேன். ஜாப் கார்டில் அவர்கள் எழுதிக்கொண்டது 'என்ஜின் ஹீட்' என்ற இரண்டே சொற்கள். என் பணம் போனது அந்த இரண்டு சொற்களில்தான்.

முதல் முறை தெர்மோஸ்டாட் வால்வையும் (என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது) கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவத்தையும் மாற்றியதாகப் பில் போட்டார்கள். பத்து நாளில் மறுபடியும் சூடேறவே, ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்று சொல்லிப் புதிது பொருத்தினார்கள். பழையதைக் கேட்டதற்குப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். மூன்றாம் முறை, "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார், ஹெட்டை இறக்கணும்" என்று 28,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். என்ஜினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடான அந்தக் கேஸ்கெட் போயிருந்தால் பெரும்பாலும் கூலன்ட் குறையும், அல்லது சைலன்சரில் வெண்புகை வரும், அல்லது ஆயில் பால் கலந்த காப்பி போலாகும். என் வண்டியில் இவற்றில் ஒன்றுமில்லை. என்ஜினுக்குள் எரிந்த புகை கூலன்ட்டில் கலக்கிறதா என்று கண்டறிய, நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் ஒரு திரவத்தை வைத்துச் செய்யும் எளிய சோதனை இருக்கிறது. அதைச் செய்து காட்டுங்கள் என்றேன். "அனுபவத்துல சொல்றோம் சார்" என்பதே பதில். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பல்லாவரத்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன், ஓடும்போது ஏறாமல் நிற்கும்போது மட்டும் ஏறுகிறதா என்பதைத்தான் முதலில் கேட்டார். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அதற்கு ஃபேனை விட்டால் வேறு கதியில்லை. ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால் அதற்கும் அதே ஃபேன்தான். என்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டார், ஃபேன் சுற்றவில்லை. ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து ஃபேனுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயின் தலையில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் இலேசாகத் தட்டினார், ஃபேன் சட்டென்று சுற்ற ஆரம்பித்தது. பிடுங்கிக் காட்டியபோது ஒரு கால் கருநீலமாகக் கருகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருந்தது. கருகிய கான்டாக்ட் சில நேரம் ஒட்டும், சில நேரம் ஒட்டாது. கோளாறு வந்து வந்து போனதற்கு அதுதான் காரணம். ரிலே 350 ரூபாய், கூலி 200.

அதோடு முடிந்திருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன். ரிலே மாற்றியபின் காலை வேளைகளில் என்ஜின் சூடாகவே நெடுநேரம் பிடித்தது, மைலேஜும் குறைந்தது. தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால் உள்ளே வால்வே இல்லை. புதியது போட்டதாகப் பணம் வாங்கிக்கொண்டு, பழையதையும் கழற்றி எறிந்திருக்கிறார்கள். கூலன்ட் என்று பில்லில் இருந்ததும் வெறும் குழாய்த் தண்ணீர்தான். ரிசர்வ் டேங்கில் துருநிறம் தட்டியிருந்தது.

இதேபோல் விட்டுவிட்டுச் சூடேறும் வண்டி வைத்திருப்பவர்கள், எப்போது ஏறுகிறது என்பதை ஜாப் கார்டில் உங்கள் கண்முன்னே எழுதச் சொல்லுங்கள், ஏ.சி.யைப் போட்டு ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று நீங்களே பாருங்கள், ஒரு முறை சுற்றியதை மட்டும் நம்பிவிடாதீர்கள். மாற்றிய பழைய உதிரிபாகங்களைக் கேட்டு வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒர்க்‌ஷாப்புக்கு நான் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. கருகிய ரிலேயையும் மூன்று ஜாப் கார்டுகளையும் அதற்காக எடுத்து வைத்திருக்கிறேன்.