ஹோம் விசிட் படிவ செட்: பதினான்கு மாதம் பையில் வைத்து அலைந்த பிறகு

பச்சை அட்டை ஃபைல். உள்ளே ஒரே பக்கத்தில் ‘உடனடிப் பாதுகாப்புத் தாள்’, ஆறு பக்கத்தில் ‘இடர் மதிப்பீட்டுப் படிவம்’, குழந்தை படம் வரைய ஓர் அட்டை, நாற்பது பக்கக் கையேடு. விலை 220 ரூபாய். ஒரு பயிற்சியில் வாங்கினேன். தயாரித்தவர்கள் பெயரை இங்கே சொல்லவில்லை. குறைகளை அவர்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதிச் சொல்லிவிட்டேன். தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் விசிட் போகும்போதெல்லாம் பதினான்கு மாதமாக இது என் ஸ்கூட்டி டிக்கியில் இருக்கிறது. இருபத்தேழு வீடுகளில் எடுத்து எழுதியிருக்கிறேன். குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் எனக்கு இது பதினோராவது வருடம்.

இந்த செட்டில் 220 ரூபாய்க்குப் பெறுமானமுள்ளது அந்த ஒரு பக்கத் தாள்தான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வேலையில் இரண்டு கேள்விகள் எப்போதும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும். இந்தக் குழந்தை இன்று ராத்திரி இந்த வீட்டில் தூங்கலாமா என்பது ஒன்று. இப்படியே விட்டால் ஆறு மாதம், ஒரு வருடத்தில் என்ன ஆகும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு வாசலை விட்டு இறங்குவதற்குள் பதில் வேண்டும். இரண்டாவதற்கு அவகாசம் உண்டு. இளைஞர் நீதிச் சட்டம் 2015 இரண்டுக்கும் தனித்தனிக் கெடு வைத்திருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள், அந்தக் குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். எஸ்.ஐ.ஆர். எனும் சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள். ஆனால் நான் இதற்குமுன் எழுதிய படிவங்களில் கூரை, கடன், கழிப்பறை, அடி எல்லாம் ஒரே பட்டியலில் வரும். கடைசியில் ஒரு கூட்டுத்தொகை விழும். அந்தத் தொகையை வைத்து அன்று ராத்திரியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அந்த ஒரு பக்கத் தாள் முதல் கேள்வியை மட்டும் கேட்கிறது; அதில் கூட்டலே கிடையாது. ஏழு கேள்விகள்; எதற்காவது ‘ஆம்’ என்று விழுந்தால் நீங்கள் அங்கேயே நின்று ஏதாவது செய்தாக வேண்டும். நான்காவது கேள்வி, குழந்தைக்குக் கெடுதல் செய்வதாக நாம் சந்தேகப்படும் ஆளைப் பற்றியது: ‘அந்த ஆளின் பெயரைச் சொன்னால், குரலோ சத்தமோ கேட்டால், குழந்தை என்ன செய்கிறது?’

ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஊர் சொல்ல மாட்டேன்; குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டத்தின் 74-ஆம் பிரிவு இருக்கிறது, அது இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டேன். தளம் போட்ட வீடு, டைல்ஸ் தரை, ஃப்ரிட்ஜ். அப்பாவுக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை, மாதச் சம்பளம். பையன் நான்காம் வகுப்பு. வகுப்பில் தூங்குகிறான், கெண்டைக்காலில் தழும்பு என்று டீச்சர் சொல்லித்தான் போனேன். சாயங்காலம் ஐந்தரை. அம்மா காபி கொடுத்தார். ஆறு பக்கப் படிவத்தில் அந்த வீட்டுக்கு விழுந்தது முப்பதுக்கு ஐந்து, ‘குறைந்த இடர்’.

அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் பையனிடம் அட்டையைக் கொடுத்தேன். அதில் மூன்று வீடு இருக்கும்: கவலை வீடு, நல்ல வீடு, கனவு வீடு. நியூசிலாந்தில் நிக்கி வெல்ட், மேகி கிரீனிங் என்ற இருவர் உருவாக்கிய முறை இது. பையன் நல்ல வீட்டில் ஆட்டுக்குட்டி வரைந்துகொண்டிருந்தான். தெரு முனையில் பைக் சத்தம். பென்சில் நின்றது. அட்டையைப் பாய்க்கு அடியில் தள்ளினான், இரண்டு காலையும் சட்டைக்குள் இழுத்துக்கொண்டான், மூச்சே விடவில்லை. வண்டி வாசலைத் தாண்டிப் போனது. “எங்கப்பா வண்டி இல்ல மிஸ். இது பால்காரரு” என்றான். பாய்க்கு அடியிலிருந்து அட்டையை எடுத்து ஆட்டுக்கு வால் வரைந்தான்.

கனவு வீட்டில் ஒரே ஒரு கதவு. கதவில் கட்டம் கட்டமாக என்னவோ போட்டிருந்தான். இது என்ன கண்ணு என்று கேட்டேன். “தாப்பா. உள்பக்கம் இருக்குது.”

அந்தக் கேள்வி தாளில் இல்லாவிட்டாலும் பைக் சத்தத்துக்கு அவன் சுருண்டதைப் பார்த்திருப்பேன். ஆனால் எழுத இடம் இருந்திருக்காது. எழுதாதது குழு முன் போய்ச் சேராது. அன்று ராத்திரியே அம்மாவும் பையனும் பெரியப்பா வீட்டுக்குப் போனார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போன் செய்தேன். மறுநாள் குழு முன் நான் வைத்தது பால்காரர் வண்டி வந்துபோன அந்த ஒரு நிமிடத்தைத்தான்.

இனி ஆறு பக்கப் படிவம். இதை நான் குறைவாகத்தான் மதிக்கிறேன்.

பென்னாகரம் தாண்டி ஒரு மலையடிவாரக் குடியிருப்பு. ஒன்பது வயதுப் பெண், பாட்டியோடு இருக்கிறாள். அப்பா இறந்து நான்கு வருடம். அம்மா பெங்களூரில் கட்டட வேலை, மாரியம்மன் பண்டிகைக்கு வந்துவிட்டுப் போவார். குழந்தையைக் கவனிப்பாரில்லை என்று யாரோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லியிருந்தார்கள். படிவப்படி பெற்றோர் உடன் இல்லை மூன்று, பராமரிப்பவர் வயது அறுபதுக்கு மேல் இரண்டு, தகரக் கூரை இரண்டு, கழிப்பறை இல்லை இரண்டு, கடன் இரண்டு என்று ஏறி ஏறிப் பதினேழு. ‘அதிக இடர்’. டைல்ஸ் வீட்டுக்கு ஐந்து, இந்த வீட்டுக்குப் பதினேழு!

அந்தப் பெண்ணுக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டியிருந்தது. மதியம் பள்ளியில் சாப்பாடு, ராத்திரி வீட்டில் கேழ்வரகுக் களி. பயந்தால் யாரிடம் போவாய் என்றதற்கு யோசிக்காமல் மூன்று பேர் பெயர் சொன்னாள். அந்தப் பதினேழை மட்டும் பார்க்கிற ஒருவர் “ஹோம்ல சேர்த்துடலாமே” என்று சொல்லிவிடக்கூடும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று அதே சட்டம் பொதுக் கோட்பாடுகளிலேயே சொல்கிறது. எங்கள் மாவட்டத்தில் பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போய்ப் பாட்டி வளர்க்கிற வீடு தெருவுக்கு நாலு இருக்கும். வறுமைக்கு மதிப்பெண் போடும் படிவம் அத்தனை வீட்டையும் குற்றம் சாட்டுகிறது. கடனுக்கும் கூரைக்கும் செய்ய வேண்டியது உதவி. அந்தப் பாட்டி வீட்டுக்கு மிஷன் வாத்சல்யா என்ற அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவுக்கு, மாதம் 4000 ரூபாய்க்கு, மனு எழுதிக் கொடுத்தோம்.

கையேட்டில் ஒரு நல்ல கேள்வி உண்டு. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இந்தக் குழந்தை எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது, எண் சொல்லுங்கள் என்று குடும்பத்தையே கேட்பது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1990-களில் ஆண்ட்ரூ டர்னெல், ஸ்டீவ் எட்வர்ட்ஸ் வளர்த்த முறையிலிருந்து எடுத்தது. பாட்டியிடம் பத்து எடுபடவில்லை. பதினாறணாவுக்கு எத்தனை அணா என்று மாற்றிக் கேட்டேன். “பன்னெண்டு அணா தேறும் மேடம்.” மீதி நாலணா? “அவ ஆயா செத்துட்டா யாருன்னு அவளுக்கு ஒரு பயம். அவங்கம்மா வாரத்துக்கு ஒருக்கா போன் பண்ணுனா போதும்.” ஆறு பக்கத்தில் எங்கேயும் இந்தப் பதில் விழுந்திருக்காது.

இரண்டு குறைகளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒன்று, குழந்தைத் திருமணம் பற்றி ஒரு வரிகூட இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரியில் வேலை செய்கிற யாருக்கும் இது புரியும். 18 வயதுக்குள் கல்யாணம் ஆகிவிடும் அபாயத்தில் இருக்கும் பெண்ணும் சட்டப்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைதான். எங்கள் பக்கம் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த பிறகுதான் மனசு அடித்துக்கொள்ளும். டி.சி. வாங்கியாச்சா, தட்டு மாற்றியாச்சா, ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தாச்சா, மாமன் வீட்டிலிருந்து யார் யார் வந்துபோகிறார்கள்: இவைதான் கேட்க வேண்டியவை. நாள் குறித்துவிட்டால் அது ஆறு மாதக் கேள்வி இல்லை, இன்று ராத்திரிக் கேள்வி. மாவட்ட சமூகநல அலுவலருக்கு உடனே தகவல் போக வேண்டும்; 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி மாஜிஸ்திரேட்டிடம் தடை உத்தரவு வாங்க வழி இருக்கிறது.

இரண்டு, பாலியல் துன்புறுத்தலுக்கு இந்தப் படிவம் மூன்று மதிப்பெண் போடுகிறது. இது தப்பு. அதற்கு மதிப்பெண்ணே கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19 காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை ஒன்று மூன்றைப் போட்டு, கூட்டிப் பார்த்து, ‘நடுத்தரம்’ என்று எழுதி ஃபைலை மூடினால் என்ன ஆகும்?

அப்புறம், சொத்து விவரத்துக்கு முக்கால் பக்கம் கொடுத்துவிட்டு ‘குழந்தை சொன்னது’ என்ற கட்டத்துக்கு இரண்டு விரல் அகலம் விட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் விக்டோரியா கிளிம்பியைப் பற்றி எழுதியிருக்கிறது. 2000-இல் லண்டனில் எட்டு வயதில் கொல்லப்பட்ட சிறுமி. மருத்துவமனை, காவல்துறை, சமூகப் பணி என எத்தனையோ பேர் கண்ணில் பட்டவள். அவளிடம் உட்கார்ந்து நிதானமாகப் பேசியவர் யாரும் இல்லை என்பதை 2003-இல் லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை எடுத்துச் சொன்னது. அதை அச்சடித்தவர்களுக்கு இந்தக் கட்டம் ஏன் கண்ணில் படவில்லை?

கையேட்டில் நான் இருமுறை அடிக்கோடிட்ட இடம் பாதுகாப்புத் திட்டம் பற்றியது. ‘வாக்குறுதி திட்டம் ஆகாது’ என்கிறது. “இனிமே குடிக்க மாட்டேன்” என்று அப்பா கையெழுத்துப் போட்டால் அதில் குழந்தைக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அப்பா குடித்துவிட்டு வந்தாலும் நடக்கக்கூடியதாகத் திட்டம் இருக்க வேண்டும். அந்தப் பையனுக்கு நாங்கள் எழுதியது இப்படி: அப்பா குடித்த ராத்திரி பெரியப்பா வீட்டில் தூக்கம், கூட்டிப் போவது பெரியம்மா, அவர் ஊரில் இல்லாவிட்டால் எதிர்வீட்டு அக்கா, மறுநாள் காலை டீச்சர் ஒரு பார்வை. சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். பையன் பெரியப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

தாள் மெல்லிசு, மழையில் மை ஊறுகிறது. பிளாஸ்டிக் உறை தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ‘இடர்’ என்ற சொல் எந்த வீட்டிலும் புரியவில்லை.

இன்னும் பத்து செட் வாங்கச் சொல்லி எங்கள் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கத் தாளுக்காகவும் மூன்று வீடு அட்டைக்காகவும். ஆறு பக்கப் படிவத்தில் கூட்டல் கட்டத்தைப் பேனாவால் அடித்துவிட்டு, பின்னால் கோடு போட்ட வெள்ளைத்தாள் ஒன்றை ஸ்டேபிள் செய்து, மேலே ‘குழந்தை சொன்னது, அது சொன்ன வார்த்தையிலேயே’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கல்யாணக் கேள்விகள் நான்கும் அட்டையின் உள்பக்கம், சிவப்பு மையில்.