இசையமைப்பாளர் சோப்பினின் முதல் பதிப்புகள் இணையத்தில்: ஒரு பியானோ ஆசிரியரின் மதிப்புரை

தக்கலையிலிருந்து பஸ்ஸில் வந்து என்னிடம் பியானோ படிக்கும் சிறுமி, ஆனி மாத மழை நாளொன்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலந்து இசையமைப்பாளர் சோப்பினின் சி மைனர் பிரெலூடை, ஒரு சிறு பியானோ துண்டை, வாசித்தாள். ஓபஸ் (படைப்பு எண்) 28-இல் இருபதாவது, பதின்மூன்றே பார்கள் (தாள அளவுகள்). மூன்றாவது பாரின் கடைசி கார்டில் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டில்) அவளை நிறுத்தினேன். "அது ஈ ஃப்ளாட், மக்களே." அவள் தன் தாளைக் காட்டினாள். "இதில் ஃப்ளாட் இல்லையே சார்." உண்மைதான், சுரத்தை அரைப்படி தாழ்த்தும் அந்தக் குறி இல்லை. என் ஆசிரியர் திருவனந்தபுரத்தில் வாங்கி எனக்கு விட்டுச் சென்ற புத்தகத்தில் இருந்தது. முப்பது ஆண்டுகளாக நாகர்கோவிலில் அதைத்தான் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன்.

அன்றிரவு 'சோப்பின்ஸ் ஃபர்ஸ்ட் எடிஷன்ஸ் ஆன்லைன்' என்ற தளத்தைத் திறந்தேன். சோப்பின் காலத்தில் அச்சான முதல் பதிப்புகளின் பக்கங்களை, பல நாட்டு நூலகங்களிலிருந்து படமெடுத்து ஓரிடத்தில் சேர்த்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. பிரிட்டிஷ் நூலகத்துக்கோ வார்சாவுக்கோ போக வழியில்லாத என்னைப் போன்றவர்களுக்கு இது பெரும் கொடை.

ஒரே படைப்புக்கு ஏன் பல முதல் பதிப்புகள்? அன்று நாடு கடந்த பதிப்புரிமை கிடையாது. ஆகவே சோப்பின் தன் இசையைப் பாரிஸ், ஜெர்மனியின் லைப்சிக், லண்டன் ஆகிய மூன்று இடங்களிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் விற்றார். பிரெலூடுகளை 1839-இல் வெளியிட்ட பதிப்பகங்கள்: பாரிஸில் காத்லான், லைப்சிக்கில் பிரைட்கோப், லண்டனில் வெசல். சமர்ப்பணம்கூட வேறு வேறு. பாரிஸ் பதிப்பு பியானோ உற்பத்தியாளர் கமீல் பிளெயெலுக்கு, லைப்சிக் பதிப்பு கெஸ்லர் என்ற இசையமைப்பாளருக்கு.

அந்தக் கார்டுக்கு வருகிறேன். பாரிஸிலும் லைப்சிக்கிலும் ஃப்ளாட் இல்லை. பாரின் முற்பகுதியில் வந்த நேச்சுரல் (ஃப்ளாட்டை நீக்கும் குறி) அங்கே செல்லுபடியாகிறது. கார்டு துக்கச் சாயலுள்ள மைனராக இல்லாமல் பிரகாசமான சி மேஜராக ஒலிக்கிறது. சிறுமி சொன்னது சரி. ஆனால் பின்னாளில் ஒரு மாணவியின் பிரதியில் பென்சிலால் ஃப்ளாட் சேர்க்கப்பட்டது. என் ஆசிரியரின் புத்தகம் அந்த வழியில் வந்தது. மேஜராக வாசித்தால் துக்க வீட்டில் ஒரு கணம் ஜன்னல் திறந்ததுபோல் இருக்கிறது. மைனராக வாசித்தால் ஊர்வலம் நிற்காமல் நடக்கிறது. நான் இன்னும் ஃப்ளாட்டின் பக்கம்தான். ஆனால் இனி யாருடைய தாளையும் தவறு என்று திருத்தமாட்டேன்.

வெசலின் பக்கங்களையும் பாருங்கள். ஓபஸ் 9 நாக்டர்ன்களுக்கு (இரவு இசைத் துண்டுகளுக்கு) 'சேன் நதியின் முணுமுணுப்பு', வேகமான முதல் ஷெர்ட்சோ படைப்புக்கு 'நரக விருந்து' எனத் தாமாகவே பெயர் சூட்டியிருக்கிறார்கள். சோப்பினுக்கு இதில் கடும் கோபம். எனக்கும்தான்.

பி ஃப்ளாட் மைனர் சொனாட்டாவை எடுத்திருப்பவர்கள் இந்த ஒப்பீட்டைத் தவறவிடவே கூடாது. முதல் பகுதியைத் திரும்ப வாசிக்கும்போது மெதுவான நான்கு பார் முன்னுரைக்குப் போவதா, வேகம் தொடங்கும் ஐந்தாவது பாருக்கா? லைப்சிக் அச்சில் மட்டும் ஐந்தாவது பாரில் இரண்டு புள்ளிகள் கொண்ட திரும்பல் குறி இருக்கிறது; பாரிஸிலும் லண்டனிலும் இல்லை. அந்த இரண்டு புள்ளிகள் எத்தனை இசைத்தட்டுகளின் போக்கைத் தீர்மானித்திருக்கின்றன! முன்னுரையிலிருந்தே திரும்பினால்தான் அந்த இடி மறுபடி விழும் என்பது என் கருத்து.

இதன் தோழமைத் தளமான 'ஆன்லைன் சோப்பின் வேரியோரம் எடிஷன்' ஒரே பாரைப் பல பதிப்புகளிலிருந்து அருகருகே நிறுத்துகிறது. பக்கம் பக்கமாகத் தேடுவதைவிட இது எளிது. அவசரத்தில் இருப்பவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

கைப்பேசியில் பார்க்க வேண்டாம். பழைய செதுக்கல் அச்சில் புள்ளியும் அழுக்கும் ஒன்றுபோல் தெரியும். பெரிய திரை தேவை. எந்தப் பதிப்பு சரி என்று யாராவது சொல்லிவிட வேண்டும் என எதிர்பார்ப்பவர்களுக்கு நல்ல உர்டெக்ஸ்ட் புத்தகமே (மூலங்களை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் செம்மைப்படுத்திய பதிப்பே) உதவும்; இங்கே முடிவு உங்களுடையது. தேர்வுக்குப் போகும் பிள்ளைகளிடம் அச்சுப் புத்தகம் கட்டாயம் இருக்கட்டும்.

அந்தச் சிறுமிக்கு ஃப்ளாட் உள்ளதும் இல்லாததுமான இரண்டு பக்கங்களையும் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறேன். போன சனிக்கிழமை முதலில் மேஜராக, பிறகு மைனராக வாசித்துவிட்டு, மூன்றாம் முறை எதை வாசிப்பது என்று தெரியாமல் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள்.