பழைய பிளேசெட்டில் கோழிக்கூடு: எல்லாப் பருவமும் பார்த்த பிறகு

அமெரிக்காவின் வட கரோலினாவில் ராலே பக்கம் நாங்கள் வாங்கிய வீட்டோடு சேர்ந்து வந்தது அந்த பிளேசெட், அதாவது பிள்ளைகள் விளையாடத் தோட்டத்தில் நிறுத்தும் மர அமைப்பு. 4 அடிக்கு 6 அடியில் ஒரு மேடை, மேலே துணிக் கூரை, ஒரு பக்கம் சறுக்குமரம், இன்னொரு பக்கம் ஏறும் சுவர். மேடையிலிருந்து நீண்டு போகும் உத்தரத்தில் ஊஞ்சல்கள், அடியில் மணல் தொட்டி. பிள்ளைகள் வளர்ந்து அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். 2021 வசந்தத்தில் அதைக் கோழிக்கூடாக மாற்றினோம். இன்றுவரை கோழிகள் அதில்தான் இருக்கின்றன. கட்டி முடித்த மாதத்தில் எந்தக் கூடும் நன்றாகத்தான் இருக்கும். வெயில், ஐஸ் மழை, ராத்திரியில் கோழி பிடிக்க வரும் ரக்கூன் என்ற விலங்கு, கோழியின் ரத்தம் குடிக்கும் செள்ளு எல்லாம் வந்து போன பிறகு எது தாக்குப்பிடித்தது என்பதைத்தான் எழுத நினைத்தேன்.

முதலில் மரம். இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காலத்தில் இங்கே வெளிப்புறத்துக்கான மரங்களில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் கலந்த மருந்தை ஏற்றுவார்கள். வீட்டு உபயோக மரங்களுக்கு அதைப் போடுவது 2003 முடிவோடு நின்றது. அதற்கு முந்தைய பிளேசெட், பச்சை படிந்த மாதிரி இருக்கும் மருந்தேற்றிய மரம் என்றால், தயவுசெய்து கோழிக்கு வேண்டாம். மழையில் கசியும் ஆர்சனிக் அடியில் இருக்கிற மண்ணில்தான் சேரும். கோழி நாள் முழுக்கக் கொத்துவது அந்த மண்ணைத்தான். அது போடும் முட்டையைப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். எங்களுடையது சிடார் என்ற வாசனை மரம். ஒரு மூலையை அறுத்துப் பார்த்தபோது உள்ளே செம்பழுப்பு நிறமும் அந்த வாசனையும் வந்தது, நிம்மதியாக வேலையை ஆரம்பித்தோம். மரச் சட்டமாக சிடார் நல்லதுதான். ஆனால் கூட்டுக்குள் பரப்ப சிடார் சீவலை வாங்காதீர்கள், அந்த நெடி கோழியின் மூச்சுக்கு ஆகாது. பைன் சீவல் போதும்.

பிளேசெட்டில் கூடு கட்டுவதில் எனக்கு இன்றும் பிடித்த விஷயம் உயரம். மேடை நாலரை அடியில் இருக்கிறது. துணிக் கூரையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டோம், நாலு பக்கமும் பலகை அடைத்தோம், சறுக்குமரம் இருந்த திறப்பில் மட்டும் கீல் வைத்து ஒரு கதவு. சனிக்கிழமை காலையில் தள்ளுவண்டியை அந்தக் கதவுக்கு நேர் கீழே நிறுத்துவேன். கதவைத் திறந்து வாரியால் இழுத்தால் சீவலும் எச்சமும் மொத்தமாக வண்டியில் விழும். குனிய வேண்டாம், உள்ளே தலையை விட வேண்டாம். மேடைப் பலகைகளுக்கு நடுவே கால் அங்குல இடைவெளி இருந்ததால் மேலே ப்ளைவுட் போட்டு, அதன் மேல் சமையலறைத் தரைக்கு விரிக்கும் வினைல் ஷீட் ஒட்டியிருந்தோம். அதனால் தரை இன்றுவரை ஊறவில்லை. முதுகுவலிக்காரர்கள் யாராவது கோழி வளர்க்கலாமா என்று கேட்டால், தரையோடு இருக்கிற ரெடிமேட் கூட்டை வாங்காதீர்கள், இந்த மாதிரி செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

அதே உயரம் கோழிக்குச் சிரமம். ஏணி, ஏறும் சுவர் எதிலும் அது ஏறாது. முப்பது டிகிரி சரிவில் நாலரை அடி ஏற வேண்டுமென்றால் ஒன்பது அடி நீளப் பலகை வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை. அதனால் நடுவில் ஒரு சின்ன மேடை வைத்து, சரிவை இரண்டாக மடித்துவிட்டோம். அரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடித்தால் கால் வழுக்காது. ரோட் ஐலண்ட் ரெட் இனக் கோழிகள் எல்லாம் முதல் நாளே ஏறிவிட்டன. பஃப் ஆர்பிங்டன் இனத்துக்குக் கனத்த உடம்பு, இறங்கும்போது பாதியிலிருந்து தொப்பென்று குதிக்கும். அப்படிக் குதித்துக் குதித்துத்தான் பாதத்தில் காயம்பட்டு கட்டி வருகிறது. குதிக்கிற இடத்தில் மணலைத் தடிமனாகக் கொட்டியதும் அந்தத் தொல்லை குறைந்தது.

அப்புறம் வலை. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் போனது இதற்குத்தான், போனதில் வருத்தமே இல்லை. கடையில் 'சிக்கன் வயர்' என்று விற்கும் அறுகோணக் கண் வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். ரக்கூன் அதைக் கிழிக்கும், இல்லையென்றால் கண்ணுக்குள் கையை விட்டு அங்கேயே கோழியைப் பிடித்துக்கொள்ளும். அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள கம்பி வலைதான் வேண்டும். அதையும் வெறும் ஸ்டேபிள் பின்னால் அடிக்காமல், வாஷர் வைத்து ஸ்குரூ போட்டு முடுக்குங்கள். வலையை மண்ணில் புதைப்பதைவிட, அடியிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டடிக்குத் தரையோடு விரித்துப் புல் வளரவிடுவது எளிது. தோண்ட வருகிற நரி சுவரோரமாகத்தான் தோண்டும், அங்கே வலை தட்டுப்படும். கொண்டித் தாழ்ப்பாளை ரக்கூன் தூக்கித் திறந்துவிடும். எங்கள் கதவுகளில் தாழ்ப்பாளோடு கூட ஒரு ஸ்பிரிங் கொக்கியும் உண்டு.

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "நம்மூர்ல பஞ்சாரத்தைக் கவுத்து மேல ஒரு கல்லை வச்சா முடிஞ்சுதுப்பா" என்றார். உண்மைதான். ஆனால் ஒரு ராத்திரி கேமராவில் பதிவான ரக்கூன், கதவின் ஓரம் முழுக்க விரலால் தடவித் தடவிப் பார்த்ததை அவருக்குக் காட்டினேன். அன்றிலிருந்து கோழி அடைந்ததும் அவரே டார்ச்சோடு போய் எண்ணிவிட்டு வந்தார்.

ஊஞ்சல் உத்தரத்துக்குக் கீழே இருந்த இடத்தையும் மேடைக்கு அடியையும் சேர்த்து வலை அடித்ததில் ஆறு கோழிக்குத் தாராளமான ஓட்டிடம், அதாவது பகலில் ஓடியாடும் இடம், கிடைத்தது. பழைய மணல் தொட்டியை அப்படியே விட்டோம். அவை புழுதியில் புரள்வது அதில்தான். மழை படாததால் வருடம் முழுக்கக் காய்ந்தே இருக்கும். 2022-ல் பறவைக் காய்ச்சல் நாடு முழுக்கப் பரவியபோது ஓட்டிடத்தின் மேலேயும் தகரம் போட்டோம், காட்டுப் பறவைகளின் எச்சம் உள்ளே விழக் கூடாது என்பதற்காக. போட்ட பிறகு சகதியும் போய்விட்டது. இங்கே செம்மண் களி, மழை பெய்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும்.

கோழி குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. சுவர் உச்சியில் கூரையை ஒட்டி நாலு பக்கமும் வலையடித்த திறப்பு விட்டிருக்கிறோம். குளிர்காலத்திலும் அதை மூடுவதில்லை. அதனால் காலையில் கதவைத் திறந்தால் மூக்கில் ஏறும் அமோனியா நெடி கிடையாது. சூடேற்றும் விளக்கு வைக்கவே இல்லை. காய்ந்த மரம், காய்ந்த சீவல், அதற்கு நடுவே கொதிக்கும் பல்பு என்பது எனக்குச் சரிப்படவில்லை. இங்கே சிரமம் ஜூலைதான். தகரத்துக்கு அடியில் இன்சுலேஷன் பலகை கொடுத்து, கோழி கொத்தாமல் இருக்க அதை ப்ளைவுட்டால் மூடிய பிறகே மேடை இருக்கக்கூடியதாக ஆனது.

இரண்டாவது கோடையில் செள்ளு வந்தது. பழைய பிளேசெட்டின் பெரிய குறை இதுதான். போல்ட் குழி, பலகை இடுக்கு, பழைய ஸ்குரூ ஓட்டை என்று அது ஒளிய ஆயிரம் இடம். பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி டார்ச்சோடு போய், கோழி அடையும் கட்டையின் அடியில் வெள்ளைக் காகிதத் துண்டால் துடைத்தேன், சிவப்புக் கோடு விழுந்தது. குடித்த ரத்தம். எல்லாவற்றையும் காலி செய்து, கழுவிக் காயவைத்து, கோழிக்கூட்டுக்கென்று லேபிளில் அனுமதி போட்ட பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து அடித்தோம். செள்ளு முட்டையிலிருந்து பொரிந்து வருபவற்றுக்காக ஒரு வாரம் கழித்து மறுபடி. பிறகு இடுக்குகளை எல்லாம் அடைத்தோம். அடையும் கட்டையை ஆணி அடிக்காமல், கழற்றி வெயிலில் போடும்படி பள்ளத்தில் உட்கார வைத்தோம். நீங்கள் செய்வதாக இருந்தால் இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

முட்டை விஷயம் எல்லோரும் கேட்கிறார்கள். 2025 மார்ச்சில் இங்கே ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலர் வரை போனது, அப்போது எங்களிடம் தெருவுக்கே கொடுக்க இருந்தது. ஆனாலும் பணம் மிச்சமாகும் என்று இதில் இறங்காதீர்கள். இறகு உதிர்க்கும் மாதங்களிலும் பகல் குறுகும் டிசம்பரிலும் தீனி மட்டும்தான் போகும். முட்டைக்காக விளக்குப் போட்டுப் பகலை நீட்டுவதும் எனக்குப் பிடிக்கவில்லை, அவை கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்.

மற்றபடி சட்டம் உறுதியாக இருக்கிறது. மண்ணைத் தொடும் கால்களில் மட்டும் ஊஞ்சல் பக்கத்துக் கால் ஒன்று தரை மட்டத்தில் இற்றுப்போய், ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கியது. அதை அறுத்து கான்கிரீட் கட்டையின் மேல் புதுக் கால் கொடுத்தோம். யாராவது பழைய பிளேசெட்டை இலவசமாகத் தருகிறார்கள் என்றால், எடுப்பதற்கு முன் எல்லாக் கால்களையும் அப்படிக் குத்திப் பாருங்கள். உங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்க விதியில் கோழிக்கு இடம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு லாரியைப் பேசுங்கள்.