103 கிராம் சட்டியும் பத்து ரூபாய் அகலக் கருகலும்

போன வாரம் நண்பனிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. மலையேற்றத்துக்கென்று நான் வைத்திருக்கும் அதே டைட்டானியம் சட்டி, அதே 750 மில்லி. விலை மூவாயிரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. கூடவே ஒரு வரி: "டேய், வாங்கலாமா வேண்டாமா?"

நான் 2021-ல் வாங்கியபோது நாலாயிரத்துச் சொச்சம். அந்தக் கடுப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு சொல்லில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. அடித்து அடித்து எழுதியதில் இவ்வளவு நீண்டுவிட்டது.

எடையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூடியோடு 103 கிராம் என்று போட்டிருந்தார்கள். வீட்டுச் சமையலறைத் தராசும் அதையேதான் காட்டியது. அதே கையோடு அம்மாவின் ஒரு லிட்டர் எவர்சில்வர் தூக்குச்சட்டியையும் வைத்துப் பார்த்தேன். 310. வித்தியாசம் 207 கிராம், அதாவது ஒரு டம்ளர் தண்ணீர். "ஒரு டம்ளர் தண்ணிக்கா நாலாயிரம் குடுத்த?" என்றார் அம்மா. அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் தகர டப்பா. மலைக்கு நான் தூக்கிப்போகும் ஆவக்காய் பாட்டில் மட்டும் கால் கிலோ தேறும் என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றாமல் போனது என் நல்ல நேரம்.

தமிழ்நாட்டுக் காடுகளில் அடுப்பு பற்ற வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததற்குப் பிறகு, அதைப் பற்றி வாதாடும் மனமும் எனக்கில்லை. அதனால் சட்டியின் முதல் சமையல் கோவையில், எங்கள் மொட்டை மாடியில். 450 மில்லி குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கேஸ் கேனை முன்னும் பின்னும் எடை போட்டேன். மூடி போட்டு, நிதானமான தீயில் 7 கிராம் கேஸ் போனது. மூடி இல்லாமல், தீயை முழுக்கத் திறந்துவிட்டபோது 11 கிராம். சட்டியின் குறுக்களவு ஒன்பதரை சென்டிமீட்டர்தான். தீயைக் கூட்டினால் அது அடியில் நிற்பதில்லை. பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடியை நக்குகிறது. கைப்பிடியின் ஆரஞ்சு நிற சிலிக்கான் உறை ஓரத்தில் கருகிச் சுருண்டது அன்றைக்குத்தான். இதற்கு நான் சட்டியைக் குறை சொல்லவில்லை. அவசரப்பட்டவன் நான்.

குறை சொல்ல வேண்டியது வேறு. நான்கு வருடமாக இதே புலம்பல்தான், என்னோடு மலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காது புளித்திருக்கும். இந்தச் சட்டி அடிப்பிடிக்கும்.

2022 செப்டம்பரில் இமாச்சலில் உள்ள ஹம்ப்டா கணவாய்க்குத் தனியாகப் போனேன். மணாலியில் கேஸ் கேன் வாங்கிக்கொண்டேன், விமானத்தில் அதைக் கொண்டுபோக முடியாதே. ஜோப்ராவில் தொடங்கி, இரண்டாம் நாள் சாயங்காலம் பாலு கா கேரா என்ற முகாம். சுமார் 3,600 மீட்டர் உயரம், சுற்றிலும் மலை, பக்கத்தில் ஆறு. அந்த இடத்தில் சூடாகப் பொங்கல் சாப்பிட வேண்டும் என்பது என் மூன்று மாதக் கனவு. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வீட்டிலேயே வறுத்து, மிளகு சீரகம் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, நெய் தனியாக ஒரு சின்ன டப்பாவில் என்று பக்காவாகக் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று கண் சொல்லும், வேகவில்லை என்று பல் சொல்லும். சரி, கூடுதல் நேரம் வைத்தால் போயிற்று என்று முப்பத்தைந்து நிமிடம் வைத்தேன். தீயை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கிளறிக்கொண்டே இருந்தேன். முதலில் மிளகு வாசனை வந்தது, அப்புறம் நெய் வாசனை வந்தது, கூடாரத்தின் கயிற்றை இழுத்துக் கட்ட ஒரே ஒரு தடவை எழுந்து போய் வந்தேன். அதற்குள் அந்த வாசனை வந்துவிட்டது. எவ்வளவு உயரம் ஏறினாலும் அடிப்பிடித்த வாசனை மட்டும் மாறுவதில்லை.

கரண்டியை விட்டுப் பார்த்தால், நடுவில் பத்து ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கன்னங்கரேல். சரியாக அடுப்புத் தலையின் வட்டம், அச்சு எடுத்த மாதிரி. அதற்கு மேலே ஒரு விரல் உயரத்துக்குப் பழுப்பு. ஓரத்தில் ஒட்டியிருந்த அரிசியோ பல்லில் நறுக்கென்று கடிபட்டது. ஒரே சட்டியில் ஒரே நேரத்தில் கருகியதும் வேகாததும்! வேறு வழியில்லாமல் சாப்பிட்டேன். மறுநாள் காலை ஆற்று மணலைப் போட்டு, ஆற்றிலிருந்து தள்ளி உட்கார்ந்து, பனி உருகிய தண்ணீரில் தேய்த்தேன். சட்டி சுத்தமாக இருபது நிமிடம் ஆனது, விரல்களுக்கு உயிர் வர அதைவிட அதிகம்.

கடுப்பைக் கூட்டியது இன்னொன்று. சற்றுத் தள்ளி ஆட்டிடையர்கள் தங்கியிருந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் மூன்று கல் கூட்டி, நசுங்கிப்போன பழைய அலுமினியப் பாத்திரத்தில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். மூடி மேல் ஒரு கல். வெளியே கரி அப்பியிருந்த பாத்திரம், உள்ளே அடியில் ஒரு பருக்கை பழுப்பாகவில்லை. என் சட்டியை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார், நகத்தால் சுண்டினார், உள்ளே எட்டிப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

காரணம் எனக்கு வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்துக்கு 237 என்றால் டைட்டானியத்துக்கு வெறும் 22. எவர்சில்வர் அதைவிட மோசம், 16 வாக்கில்தான். ஆனால் எவர்சில்வர் சட்டிக்கு ஒரு தடிமன் இருக்கிறது, சூட்டைக் கொஞ்சமாவது வாங்கி நிறுத்தி வைக்கும், வீட்டில் இருப்பதற்குத் தாமிர அடி வேறு. என்னுடையதன் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தீ எங்கே படுகிறதோ அங்கேயே சூடு நிற்கும், பக்கத்துக்கு நகராது. டைட்டானியம் அலுமினியத்தைவிடக் கனமான உலோகம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஒரு கன சென்டிமீட்டருக்கு டைட்டானியம் 4.5 கிராம், அலுமினியம் 2.7. டைட்டானியம் உறுதியானது, அதனால் காகிதம் மாதிரி மெல்லிசாக அடிக்க முடிகிறது, அதனால்தான் சட்டி லேசாகிறது. எது அதை லேசாக்குகிறதோ அதுவேதான் என் பொங்கலைக் கருக்கியது. இதைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கலாம். பெட்டியில் இருந்ததோ ஒரு நூடுல்ஸ் படம்.

பாட்டி ரசம் வைக்கும் ஈயச்சொம்புக்கு ஒரு சட்டம் உண்டு: புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். வெறும் சொம்பை ஏற்றினால் உருகி ஓடிவிடும், 232 டிகிரி போதும் அந்த வெள்ளீயத்துக்கு. டைட்டானியத்துக்கு அந்தப் பயமே இல்லை. வெறும் சட்டியைத் தீயில் காட்டினால் மயில் கழுத்து நிறத்தில் நீலமும் ஊதாவுமாக மின்னும், அவ்வளவுதான். சட்டிக்கு ஒன்றும் ஆகாது, ஆவதெல்லாம் உள்ளே இருக்கிற சோற்றுக்கு.

கருகாமல் இருக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். பிஸ்கட் டின்னின் மூடியை வெட்டித் தீக்கும் சட்டிக்கும் நடுவே வைத்தேன். கருகல் குறைந்தது, ஆனால் கேன் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகிவிட்டது. அடித்த சூடு கீழே திரும்புகிறது. கேஸ் கேன் மேல் நேராக உட்காரும் அடுப்பு உள்ளவர்கள் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். கையெடுக்காமல் கிளறினால் கருகவில்லை, உண்மை. ஆனால் ஒரு நாள் முழுக்க ஏறிவிட்டு வந்து, குந்தியிருந்து அரை மணி நேரம் கிளறுகிறவனுக்கு முதுகென்று ஒன்று இருக்கிறது.

கடைசியில் வழிகாட்டியது குரங்குக் குல்லா. அடுத்த வருடம் கரேரி ஏரிக்குப் போயிருந்தேன், சுமார் 2,900 மீட்டர். தண்ணீரை மட்டும் கொதிக்க வைத்து, வறுத்த ரவை, உப்பு, நெய், தட்டிய மிளகு எல்லாவற்றையும் கொட்டி ஒரு கிளறு. உடனே அடுப்பை அணைத்து, சட்டியை மூடி, கம்பளிக் குல்லாவுக்குள் சொருகிப் போர்வைக்குள் வைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் உப்புமா. கருகல் இல்லை, கட்டி இல்லை, கேஸும் கொஞ்சம்தான். அன்றிலிருந்து அவல், சேமியா, சத்துமாவு எல்லாம் குல்லாவுக்குள்தான் வேகின்றன. குல்லாவில் நெய் வாசனை ஏறிவிட்டதால், வழியில் ஒரு நாய் இரண்டு மணி நேரம் என் தலையையே பார்த்தபடி கூட நடந்துவந்தது.

அப்படியானால் இது சமைக்கிற பாத்திரமே இல்லை, தண்ணீர் கொதிக்க வைக்கிற பாத்திரம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடமும் ஒரு பொங்கலும் தேவைப்பட்டன.

சின்னச் சின்னக் குறைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கேஸ் கேன் சட்டிக்குள்ளேயே அடங்கும் என்று விற்பவர்கள் சொல்வது 100 கிராம் கேனுக்குத்தான் பொருந்தும்; மணாலியில் ஒவ்வொரு முறையும் எனக்குக் கிடைத்தது 230 கிராம் கேன், அது உள்ளே போகாது. மூடியில் உள்ள குமிழ் வளையம் மடங்கிப் படுத்துவிடும், சூட்டில் அதை நிமிர்த்த நகம் வேண்டும். தூக்குச்சட்டிக்கு இருக்கிற மாதிரி மேலே ஒரு வளைகம்பி இருந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

ஆனால் காலைக் காப்பியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அலுமினியக் குவளையில் கொதிக்கக் கொதிக்கக் காப்பி குடித்தவர்களுக்கு உதடு பொத்துப்போகும் கதை தெரியும். இதில் கொதித்த தண்ணீரிலேயே தூளைப் போட்டு, சர்க்கரையும் பால்பவுடரும் கலக்கி, அப்படியே வாயில் வைக்கலாம். காப்பி சுடும், விளிம்பு சுடாது. உலோகம் மெல்லிசு, சூட்டையும் கடத்தாது, மலைக்காற்று பட்டதும் விளிம்பு ஆறிவிடுகிறது. எந்தக் கடத்தாத குணம் பொங்கலைக் கெடுத்ததோ, அதுவே காப்பியைக் காப்பாற்றுகிறது. அண்ணாந்து குடித்துப் பழகிய கை, எச்சில் படுமே என்று முதல் நாள் தயங்கியது. ஒன்பதரை சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள சட்டியை அண்ணாந்து குடித்தால் பாதி கழுத்துக்குள் போகும். இப்போதெல்லாம் கூடார வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்துக்கொண்டு, உதட்டை வைத்தே குடிக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே சில நாள் அலாரத்துக்கு முன்பே எழுந்திருக்கிறேன்.

உழைப்பிலும் குறையில்லை. பாறையில் விழுந்து விளிம்பு ஒரு முறை முட்டை வடிவமானது, கையாலேயே அழுத்தி நேராக்கிவிட்டேன். எவர்சில்வர் கரண்டி போட்டுச் சுரண்டியும் பூச்சு உரியவில்லை, உரிவதற்குப் பூச்சே கிடையாது. புளி போட்டு ஊற வைத்தும் ஒன்றும் ஆகவில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு நண்பனுக்கு அனுப்பிய பதில்: "வாங்காதே. நீ சோறு இல்லாமல் இருக்க மாட்டாய். பாத்திரக் கடையில் எடை குறைந்த அலுமினியச் சட்டி ஒன்று, கொஞ்சம் அகலமாகப் பார்த்து எடு. மிச்சக் காசில் நல்ல மழைக்கோட்டு வாங்கு."

உடனே அவன் கேட்டான்: "அப்ப உன்னோடதை ஆயிரத்து ஐநூறுக்குத் தர்றியா? எனக்குக் காப்பிக்கு ஆகும்."

நீல டிக் விழுந்து மூன்று நாள் ஆகிறது. சட்டி ஜூன் பயணத்துக்கான பைக்குள் ஏற்கெனவே இருக்கிறது, குல்லாவைச் சுற்றியபடி.